கிழக்கே வந்த கோயில்

ஆறுதலூர்க் கோயில் கிழக்கே ஓர் அடி நகர்ந்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தது மாசிலாமணியின் கால் கட்டைவிரல். இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஐந்தரைக்கு வந்து கோயில் மணி அடிக்கிற மனிதன் அவன், அரைத் தூக்கத்தில் வந்தாலும் படி எங்கே, கதவு எங்கே, கயிறு எங்கே என்று அவன் காலுக்கே தெரியும். அந்த ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை அவன் இல்லாத படியில் காலைத் தூக்கி வைத்து, தடுமாறி, அடுத்த எட்டில் இருக்கிற படியில் கட்டைவிரலை நன்றாக இடித்துக்கொண்டான். அப்போதும் மணியை அடித்து முடித்துவிட்டுத்தான் விரலைப் பார்த்தான்.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள். ஆறுதலூர் தேரிக்காட்டு ஊர். ஆடிக் காற்றில் செம்மணல் மேடுகள் ஓரிடத்திலிருந்து எழுந்து இன்னோரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், போன வருஷம் வாசலுக்கு எதிரே நின்ற மேடு இந்த வருஷம் ஓடைக்கு அந்தப் பக்கம் கிடக்கும், வேலி போட்டவன் வேலியைத் தேடுவான், வேலி மணலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். எதுவும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்கிற நம்பிக்கை அந்த ஊர்க்காரர்களுக்குப் பிறவியிலேயே கிடையாது. எந்தக் காலத்திலோ வந்த ஒரு வெள்ளைக்கார மிஷனரி ஊருக்கு ஆறுதலூர் என்று பேர் வைத்துவிட்டுப் போனார், ஆறுதலைத் தவிர மற்றதெல்லாம் அங்கே இருந்தது. "காத்து மேக்கேருந்து அடிக்கி, கோயில் கெழக்க போவுது, இதுல என்னத்தப் பெரிய அதிசயம்" என்று கேட்டுவிட்டு ஆட்கள் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

தேவாலயத்தைக் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஐயர் மட்டும் டேப் வைத்து அளந்து, பேராயருக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்த்து நடந்துகொள்ளவும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குள் கோயில் பத்தொன்பது அடி நடந்திருந்தது.

நடந்தது என்று சொன்னாலும் நடப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பலிபீடத்து விளக்கில் எண்ணெய் தளும்பாது, சுவரில் ஒரு கீறல் விழாது, காலையில் பார்த்தால் படிக்கட்டுக்கும் நேற்றைய படிக்கட்டுக்கும் நடுவே ஈரமான செம்மண் பட்டையாகத் தெரியும். அவ்வளவுதான். மாசிலாமணி தினமும் காலையில் மேற்குப் படிக்கட்டின் ஓரத்தில் ஒரு பனைமட்டைக் குச்சியை அடித்து வைத்தான், மறுநாள் அது படிக்கட்டுக்கு மேற்கே தள்ளி நிற்கும். மின்வாரியத்து லைன்மேன் மாதம் ஒருமுறை வந்து முனகிக்கொண்டே வயரை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள், பரிசுத்த திருமுழுக்கு யோவான் ஆலயம் (தற்போது வேப்பமரம் அருகில்) என்று போட ஆரம்பித்தார்கள், அப்புறம் ஒரு நாள் காலை பார்த்தால் வேப்பமரம் கோயிலுக்குப் பின்னால் நின்றது, கோயில் மரத்தைச் சுற்றி வந்ததா மரத்துக்கு ஊடே வந்ததா என்று தெரியவில்லை, மரத்தில் ஓர் இலைகூட உதிரவில்லை, பத்திரிகையில்தான் திருத்தம் போடவேண்டி வந்தது. மேலத்தெருவில் கோயிலுக்கு அடுத்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த கிழவர் ஒருவர், "எழுவத்தாறு வருசம் பக்கத்துல இருந்துட்டு இப்பம் என்னய விட்டுட்டுப் போறாரே" என்று அழுதார். அவருக்குத் தினமும் ஓர் அடி கூடுதலாக நடக்கவேண்டியிருந்தது, ஆனால் நடந்தார்.

எங்கே போகிறது என்பதுதான் பேச்சாக இருந்தது. சபைச் செயலாளர் துரைப்பாண்டி ரிட்டயரான ஓவிய ஆசிரியர், நேர்கோடு விஷயத்தில் பிடிவாதக்காரர். அவர் கோயிலின் மேற்குக் கதவிலிருந்து பலிபீடம் வழியாக ஒரு நூலைப் பிடித்து, ஆட்களை வரிசையாக நிறுத்தி, கிழக்கே நீட்டிக்கொண்டே போனார். நூல் கிணற்றைத் தாண்டி, ஒரு வீட்டைத் தாண்டி, நேராக மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் சபைக்குச் சொந்தமான காலி மனையில் போய் நின்றது. ஊருக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. ஆண்டவர் மெயின் ரோட்டுக்குப் போகிறார். இத்தனை காலம் தேரிக்குள் ஒதுங்கிக் கிடந்தது போதும், பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கோபுரத்தைப் பார்க்கட்டும் என்று அவர் நினைத்திருக்கிறார், அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நடுவில் இருந்த அந்த ஒரு வீடு ரத்தினபாயினுடையது.

ரத்தினபாயின் புருஷன் ஆசீர்வாதம் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பஸ்ஸை ஒழுங்காக ஓரமாய் நிறுத்திவிட்டு, சாவியைத் திருகி அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் அன்றோடு போயின. காதும் கண்ணும் புத்தியும் இடது கையும் மிச்சம். இரும்புக் கட்டிலின் சட்டத்தில் இடது கையால் தட்டுவார். ஒரு தட்டு தண்ணீருக்கு, இரண்டு தட்டு புரட்டிப் படுக்க வைப்பதற்கு, மூன்று தட்டு துணி நனைந்துவிட்டது என்பதற்கு. முதுகு புண்ணாகாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டவேண்டும் என்று டாக்டர் சொன்னதை ரத்தினபாய் ஒன்பது வருஷமாக ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதும் இல்லை. பெண்மக்கள் இரண்டு பேரைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, ஒருத்தி மும்பையில், ஒருத்தி மஸ்கட்டில், இருவரும் ஞாயிற்றுக்கிழமை போனில் அழுவார்கள். அழுது முடிக்கிறவரை இவள்தான் தேற்றவேண்டும்.

முதல் ஏழு வருஷம் அவள் ஜெபம் ஒரு பட்டியலாக இருந்தது. காலையில் மணி அடித்ததும் அடுக்களையில் பாயைப் போட்டு முழங்காலில் நின்று, அவருடைய வலது கை விரல்களில் ஆரம்பித்து, மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, முழங்கால், பாதம், கடைசியில் நாக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள், எதையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் அது மட்டும் குணமாகாமல் நின்றுவிடும் என்று பயம். ஏழு வருஷத்தில் ஒரு விரல் அசையவில்லை. பிறகு ஒரு நாள், நாலாவது தடவையாக நனைந்த துணியை மாற்றிவிட்டுக் கஞ்சி கொடுக்கும்போது அவர் புரையேறிக் கஞ்சியை அவள் முகத்திலேயே துப்பிவிட, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் அடுக்களைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஆண்டவரே, இவியள எடுத்துக்கிடும். எனக்கு முடியல."

திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் படிவரைக்கும் போனாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே திருவிருந்து மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருப்பது தெரிந்தது. கொலைகாரி, என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் கோயில் பக்கம் போகவில்லை. அவியளப் பாக்க ஆளில்லை என்று ஊருக்குச் சொன்னாள். புருஷனின் தங்கை பொன்மலர், "நான் வந்து இருக்கேன் மதினி, நீங்க ஒரு எட்டு போய்ட்டு வாங்க" என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் உளுந்து ஊறப்போட்டிருக்கிறது, ஒரு வாரம் சும்மா. பத்து மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஓர் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை, காலை மணி அடிக்கிறபோது அவள் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஓயாமல் கூப்பிட்டால் எப்படி எரிச்சலோடு பதில் சொல்வோமோ அப்படி, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கூப்பிட்டுக்கிட்டே இருக்காதிரும். என்னால வர முடியாது. வேணும்னா நீரே வாரும்."

மறுநாள்தான் மாசிலாமணி கட்டைவிரலை இடித்துக்கொண்டான்.

இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. கோயில் நகருகிறது என்று பொன்மலர் வந்து சொன்னபோது, நகரட்டும், என்றுதான் சொன்னாள். அவளுக்கு அன்றைக்கு அவர் முதுகில் தடவுகிற மருந்து தீர்ந்திருந்தது. ஐந்தாறு மாதம் போனது. அடுக்களையின் பின்கதவைத் திறந்தால் முன்பெல்லாம் கோபுரத்தின் சிலுவை மட்டும் தெரியும், பிறகு மணிக்கூண்டு தெரிந்தது, பிறகு பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கதவு போட்ட ஜன்னல் தெரிந்தது, கோயில் பலிபீடத்தை முன்னால் நீட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. வருகிற வழியில் மாசிலாமணியின் குச்சிகளும் கோயிலுக்குப் பின்னால் வரிசையாக நீண்டுகொண்டே போயின, இரண்டு குச்சிகளுக்கு நடுவே இடைவெளி ஒன்றுபோல் இல்லை என்பதை ஒரு நாள் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போனவள் கண்டாள்.

வருஷக்கணக்காகச் சோறு ஆக்குகிறவளுக்கு உப்பு கூடினது நாக்கில் படாமலே தெரிந்துவிடுகிற மாதிரி அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரல், மணிக்கட்டு, முழங்கை என்று முழுப் பட்டியலும் சொல்லி மன்றாடிய நாட்களில் கோயில் இரண்டு விரல்கடை வந்திருந்தது. பாயில் உட்கார்ந்ததும் வார்த்தை வராமல், ஆண்டவரே என்று மட்டும் சொல்லி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்ட நாட்களில் ஓர் அடி. பின்னிரவு முழுக்க அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்த ஒரு மறுநாள் காலை, ஜெபமும் இல்லை ஒன்றும் இல்லை, பாயில் குந்தி, "நீரே பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோன அன்றைக்கு, அவள் எண்ணிப் பார்த்தாள், மூன்று அடி.

அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. ஊர் நினைத்தது தப்பு. மெயின் ரோட்டுக்குப் போகவில்லை, அவளிடம்தான் வருகிறது, அவள் அடுக்களையில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வருகிறது, வந்து அவரை எடுத்துக்கொண்டு போகப்போகிறது. கேட்டதைக் கொடுக்க இத்தனை தூரம் கட்டிடத்தோடு நடந்து வருகிறவரிடம், சும்மா சொன்னேன் என்று எந்த முகத்தோடு சொல்வது.

அன்றிலிருந்து அவள் கோயிலைத் தடுத்துப் பிடிக்க ஆரம்பித்தாள். பட்டியலை நீட்டினாள். விரல் நகம், நரம்பு, கண்ணிமை என்று புதிது புதிதாகச் சேர்த்தாள், மகள்மார் வீடு, பேரப்பிள்ளைகளின் பரீட்சை, மும்பையில் மழை, ஒன்றையும் அவர் கையில் விடாமல் ஒவ்வொன்றையும் எப்படிச் செய்யவேண்டும் என்று அவருக்கே எடுத்துச் சொன்னாள், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். கோயில் நின்றது. தை, மாசி, பங்குனி மூன்று மாதத்தில் ஒரு நெல் அளவு நகர்ந்திருந்தால் அதிகம். ஒரு கோயிலை எதிரே நின்று தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பது லேசான வேலையா? அவளுக்குத் தோள்பட்டை இற்றது, முழங்கால் வீங்கியது, பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணி அழுகை வந்தது. கோயில் நின்றுவிட்டதே என்று சபையார் பதறிப்போய் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் வைத்தார்கள். முந்நூறு பேர் பட்டினி கிடந்து வா வா என்று இழுக்க, ஒரு பொம்பிளை பின்கதவில் நின்று வராதிரும் வராதிரும் என்று தள்ளினாள். இழுத்தவர்களால் அதை அசைக்க முடியவில்லை.

சித்திரையில் வெயில் ஏறியது. அவளால் எல்லா நாளும் தள்ள முடியவில்லை. அசந்த நாளில் ஓர் அடி, இரண்டு அடி என்று வந்துவிடும். கிணற்றையும் கடந்தது, கிணறு மறுநாள் பின்பக்கம் இருந்தது, தண்ணீர் கலங்கவில்லை. அடுத்த ஆடி பிறந்தபோது பலிபீடத்துச் சுவருக்கும் அவள் அடுக்களைச் சுவருக்கும் நடுவே பதினேழு அடி இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை துரைப்பாண்டி, ஐயர், அவர் மனைவி ஐயரம்மா மூன்று பேரும் வந்தார்கள். பொன்மலர் காப்பி போட்டுக் கொடுத்தாள். துரைப்பாண்டி நூல்கண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தார், பேசும்போது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ரத்தினம், மரம் கெணறுன்னா வேற. மனுசன் குடியிருக்க வீடு. கோயில் வந்து ஏறிட்டுன்னா என்ன ஆவும்னு ஆருக்கும் தெரியாது. ரேசன் கடைக்குப் பின்னால சபையில ஒரு ரூம் போட்டு வச்சிருக்கோம், பேன் மாட்டியாச்சு. ஆசீர்வாதத்தைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிரலாம், ஆள் இருக்கு."

"ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முன்னால போயிட்டா நல்லதும்மா" என்றார் ஐயர். அவருக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"கோயில் எங்க போவுதுன்னு நெனைக்கிய?" என்று ரத்தினபாய் கேட்டாள்.

"மெயின் ரோட்டுக்குத்தான்" என்றார் துரைப்பாண்டி. "நூல் புடிச்சுப் பாத்தாச்சுல்லா."

அவள் அவர்களைக் குறை சொல்லவில்லை. மூத்திர வாடையும் டெட்டால் வாடையும் மாறாத, இரண்டு நாளைக்கு ஒருமுறை மட்டும் வாசல் பெருக்குகிற இந்த வீட்டைத் தேடி ஒரு கோயில் வரும் என்று யாருக்குத்தான் தோன்றும். அவளுக்கே நல்லதற்கு வருகிறது என்று தோன்றவில்லையே.

"ரெண்டு நாள் பொறுங்க" என்றாள்.

ஐயரம்மா போகும்போது அவள் கையைப் பிடித்து, "தூங்குதியளா ரத்தினம்?" என்று கேட்டாள். என்ன பதில் சொன்னோம் என்று பிற்பாடு அவளுக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, வெயில் தாழ அவள் புருஷனுக்கு வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டாள், புதுத் துணி மாற்றினாள், சவரம்கூடச் செய்துவிட்டாள், பட்டணத்துக்குப் புறப்படுகிற ஆளைப்போல் இருந்தார். பிறகு பாயைப் போட்டு முழங்காலில் நின்று பட்டியலை ஆரம்பித்தாள். வலது கை விரல் என்றாள். அடுத்தது வரவில்லை. மணிக்கட்டு என்கிற வார்த்தையை ஒன்பது வருஷமாகச் சொல்லியிருந்த நாக்கு அதைத் தேடியது, கிடைக்கவில்லை. அப்படியே எழுந்து வந்து கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்தா பாருங்க" என்றாள். "ஒண்ணு சொல்லணும். கஞ்சி துப்புனியள்லா, அன்னைக்கு நான் ஒங்கள எடுத்துக்கிடச் சொல்லிக் கேட்டேன். வாயால கேட்டேன். அதாக்கும் வருது."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டார்.

"கேட்டியளா? அன்னைக்கே கேட்டியளா?"

ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். இரண்டு வருஷமாக இதை வைத்துக்கொண்டு அவள் கையால்தான் கஞ்சி குடித்திருக்கிறார், அவள் புரட்டினபோது புரண்டிருக்கிறார், ஒரு தட்டு கூடுதலாகத் தட்டியதில்லை.

அவர் கை இன்னும் இறங்கவில்லை. செத்துக் கிடந்த வலது கையை இடது கையால் இழுத்து எடுத்து மார்பின்மேல் வைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்தார். பிறகு பிரித்து, இடது உள்ளங்கையைக் கன்னத்துக்குக் கீழே கொண்டுபோய்த் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டினார்.

"ஒறக்கம் வருதா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். அவளைச் சுட்டிக்காட்டினார். மறுபடியும் கைகளைச் சேர்த்தார், மறுபடியும் கன்னத்தைச் சாய்த்தார், மறுபடியும் அவளைக் காட்டினார். மூன்றாவது தடவைதான் அவளுக்குப் புரிந்தது. ஒன்பது வருஷமாக அவரும் இந்தக் கட்டிலில் கிடந்து ஜெபம் பண்ணியிருக்கிறார். வலது கை விரலுக்கு இல்லை, நாக்குக்கு இல்லை. அவள் தூங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அவள் அழவில்லை, அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். தலையைக் கட்டில் சட்டத்தில் அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்கதவு திறந்து கிடந்தது, பதினேழு அடிக்கு அப்பால் கோயில் கூரையின் உச்சியில் கடைசி வெயில் கிடந்தது. "வாரும்" என்றாள். "எடுக்கணும்னா எடும், வைக்கணும்னா வையும். இவியளும் ஒமக்குத்தான், வீடும் ஒமக்குத்தான். தள்ளித் தள்ளி என் கை ஓஞ்சு போச்சு." முடிக்கும்போதே கண் செருகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாசிலாமணி வந்தபோது படிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஈரமண். அவன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கே நடந்தான். பதினேழு அடியையும் ஒரே மூச்சில் கடந்து, ரத்தினபாயின் அடுக்களைச் சுவருக்கு ஒரு சாண் விட்டுக் கோயில் நின்றிருந்தது. ஓர் ஓடு கழன்றிருக்கவில்லை. அவன் உள்ளே போய்ப் பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கதவை, மணல் புகுந்துவிடும் என்று வருஷக்கணக்காகத் திறக்காத கதவை, கொக்கியை நெம்பித் திறந்தான். எதிரே அடுக்களை ஜன்னல், அதன் வழியே உள்ளறை, இரும்புக் கட்டில். தரையில் உட்கார்ந்தபடி கட்டிலில் தலையைச் சாய்த்து ரத்தினபாய் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆசீர்வாதம் விழித்திருந்தார். படுக்கை நனைந்திருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது, நேற்று மாலையிலிருந்து அவர் ஒரு தட்டும் தட்டவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. மாசிலாமணியைக் கண்டதும் அவர் இடது கையைத் தூக்கி, சுட்டுவிரலை உதட்டின்மேல் வைத்தார்.

மாசிலாமணி மணிக்கூண்டுக்குப் போய்க் கயிற்றைப் பார்த்தான். பிறகு அதைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.

மணிச் சத்தம் கேட்காததால் ஊர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது. என்னலே மாசிலாமணி என்று ஆரம்பித்தவர்களை அவன் கையைக் காட்டி ஜன்னலுக்கு அனுப்பினான். ஐயர் எட்டிப் பார்த்துவிட்டு அங்கியைப் போட்டுக்கொள்ளப் போனார், போனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மேலத்தெருக் கிழவர் பார்த்துவிட்டு, "இதுக்கா, செரி செரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். துரைப்பாண்டி எல்லாரையும்விட அதிக நேரம் ஜன்னலில் நின்றார். பிறகு பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, பலிபீடத்துக்குக் கீழே ஓரமாக வைத்தார். கோயில் அதற்கப்புறம் ஓர் அங்குலமும் நகரவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது, அன்றைக்கு அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

செருப்பில்லாத முந்நூறு பேர் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளுக்கு முன்னதாகவே பால் கொடுத்துவிட்டார்கள். ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கவில்லை. ஐயர் ஆராதனை முறையை உதட்டால் மட்டும் சொன்னார், சபை உதட்டால் மட்டும் பதில் சொன்னது, பாமாலைகளை எல்லாரும் சத்தமில்லாமல் வாயசைத்துப் பாடினார்கள், ஆனால் யாரும் ஒரு வரியையும் விட்டுவிடவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆசீர்வாதத்தின் விரல் உதட்டிலேயே இருந்தது. எல்லாரும் அடங்கிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் நம்பவில்லையோ, கையை அவர் இறக்கவில்லை. பிரசங்க வேளையில் கை நடுங்க ஆரம்பித்தது. பொன்மலர் எழுந்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு போய், முன்வாசல் வழியாகப் பூனைபோல் உள்ளே நுழைந்து, அண்ணன் வாயில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டாள். பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்று, அவருடைய முழங்கையைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். திருவிருந்து வேளையில் ஐயர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அடுக்களை ஜன்னலுக்கு வந்த பொன்மலரிடம் அப்பத்தைக் கொடுத்தார், அவள் அதை அண்ணன் நாக்கில் வைத்தாள். மதினியின் பங்கை ஒரு வெள்ளைத் துணியில் மூடிக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

ஆராதனை முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் வீட்டு முன்வாசல் வழியாக இறங்கி அவள் காலடிக்கு வந்தது, மாசிலாமணி சுற்றிக்கொண்டு போய் வாசல் கதவைப் பாதி சாத்தி அதை மறைத்தான். ரத்தினபாய் தூங்கிக்கொண்டிருந்தாள்.